வலது இருக்கைக்கு மாறுவது: அமெரிக்காவில் விமானப் பயிற்றுநர் ஆக முழுமையான வழிகாட்டி

இடது இருக்கையில் மாணவர் ரன்வேயை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது, வலது இருக்கையில் பயிற்றுநராக உட்கார்ந்திருக்கும் என் வலது கை தொடைமேல் இருக்கும். விமானத்தின் கைப்பிடியான யோக்கிலிருந்து ஒரு சாண் தூரம். எட்டிப் பிடித்தால் அது என் லேண்டிங், பிடிக்காமல் விட்டால் அவருடையது. எதுவரை பொறுப்பது, எந்த நொடியில் பிடிப்பது என்பதைப் பழகத்தான் அமெரிக்காவில் சிஎஃப்ஐ என்ற பயிற்றுநர் சான்றிதழுக்கு இவ்வளவு படிப்பும் தேர்வும்.

நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகளும், சாஃப்ட்வேர் வேலையில் இருந்துகொண்டே விமானம் ஓட்டப் பழகியவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன். இது அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ-வின் முறை. இந்தியாவின் விமானத்துறை அமைப்பான டிஜிசிஏ-வுக்கு உதவிப் பயிற்றுநர், பயிற்றுநர் என்று இரண்டு படிகள் கொண்ட தனி வழி இருக்கிறது. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏன் இத்தனை பேர் இந்த வழியில் வருகிறார்கள்

2009 பிப்ரவரி 12 இரவு கோல்கன் ஏர் 3407 விமானம் பஃபலோ நகருக்கு அருகே விழுந்து, உள்ளே இருந்த 49 பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தாமல் கண்ட்ரோலைத் தன்பக்கம் இழுத்தார் என்று விசாரணை சொன்னது. அதைத் தொடர்ந்து 2010-இல் சட்டம் வந்தது. 2013 முதல் ஏர்லைனில் துணை விமானியாகச் சேர்வதற்கே ஏடிபி என்ற ஏர்லைன் விமானி தகுதி வேண்டும் என்றானது. அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானத்துறை இளங்கலை படித்தவர்களுக்கு 1,000 போதும்.

கமர்ஷியல் உரிமம் கிடைக்கும்போது கையில் இருப்பது 250 மணி நேரம். மீதியைச் சொந்தக் காசில் பறக்க யாராலும் முடியாது. பயிற்றுநராகப் பறக்கும் நேரம் முழுவதையும் பைலட் இன் கமாண்ட், அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானி என்று லாக்புக்கில் எழுதிக்கொள்ளலாம், சம்பளமும் வரும். அதனால்தான் கூட்டம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோல்கன் விமானத்தில் இருந்த இரண்டு விமானிகளுக்குமே 1,500 மணிக்கு மேல் அனுபவம் இருந்தது. மணிக்கணக்கு அன்று அவர்களைக் காப்பாற்றவில்லை. நெருக்கடியில் கை எதைச் செய்யும் என்பது முதலில் எதைப் பழகியது என்பதைப் பொறுத்தது, அந்த முதல் பழக்கத்தைக் கொடுக்கும் இடத்தில் நாளை நீங்கள் உட்காரப்போகிறீர்கள். மணி சேர்க்க வந்தாலும் சரிதான், அதில் தவறு கிடையாது. ஆனால் அந்த மணி ஒவ்வொன்றும் வேறொருவருடைய காசு, வேறொருவருடைய கற்றல்.

தொடங்கும் முன் என்ன இருக்க வேண்டும்

வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஆங்கிலம் பேச, படிக்க, எழுத, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். கமர்ஷியல் அல்லது ஏடிபி உரிமம், கூடவே கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வேண்டும். எந்த வகை விமானத்தில் பயிற்றுநர் ஆகப்போகிறீர்களோ அந்த வகையில் குறைந்தது 15 மணி நேரம் பைலட் இன் கமாண்டாகப் பறந்திருக்க வேண்டும். எஃப்ஏஏ விதி எண் 61.183, ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், ஒரு பக்கம்தான்.

மெடிக்கல், அதாவது மருத்துவச் சான்றிதழ் விஷயத்தில் குழப்பம் உண்டு. சொல்லிக்கொடுப்பதற்கென்று மெடிக்கல் தேவையில்லை. ஆனால் சோலோ, அதாவது தனியாகப் பறக்கப் போகாத மாணவரால் பைலட் இன் கமாண்டாக இருக்க முடியாது, அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். அதற்குக் குறைந்தது மூன்றாம் வகுப்பு மெடிக்கலோ அதற்கு மாற்றான பேசிக்மெட் தகுதியோ வேண்டும். புது மாணவர்களை எடுக்கப்போகும் யாருக்கும் இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் விசாவைப் பற்றிப் பணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். சிஎஃப்ஐ சான்றிதழ் கையில் இருப்பது வேறு, அதை வைத்து இங்கே வேலை பார்க்க அனுமதி இருப்பது வேறு. தொழிற்படிப்புக்கான எம்-1 விசாவில் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம்தான் செயல்முறைப் பயிற்சிக்கு அனுமதி. எஃப்-1 விசாவில் பட்டப்படிப்போடு சேர்த்துப் படித்தால் படிப்பு முடிந்தபின் 12 மாதம் கிடைக்கும். ஆறு மாதத்தில் 1,500 மணி சேராது. இந்தக் கணக்கைப் போடாமல் வந்துவிட்டு, சான்றிதழ் வாங்கிய பிறகு கையைப் பிசைந்துகொண்டு நின்ற பையன்களைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கி அனுப்பிய அப்பா அம்மாவிடம் அதைச் சொல்ல அவர்கள் படும் பாடு சாதாரணமில்லை.

யாரிடம் கற்றுக்கொள்வது

எஃப்ஏஏ விதிகளின் பகுதி 141 என்ற அங்கீகாரத்தில் நடக்கும் பள்ளி என்றால் பாடத்திட்டம் கட்டுக்கோப்பானது. சிஎஃப்ஐ படிப்புக்கு 40 மணி நேரம் வகுப்பும் 25 மணி நேரம் பறப்பும் உண்டு. பகுதி 61 வழியில் குறைந்தபட்ச மணிக்கணக்கே கிடையாது, தயார் என்று உங்கள் பயிற்றுநர் கையெழுத்துப் போட்டால் போதும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இரண்டாவது வழி வசதி.

எந்த வழியாக இருந்தாலும் உங்களைத் தயார்படுத்துகிறவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை சிஎஃப்ஐ ஆகப்போகிறவருக்குக் கற்றுத்தர, வழக்கமான விதிப்படி, அந்தப் பயிற்றுநர் இரண்டு ஆண்டுகள் சான்றிதழ் வைத்திருந்து 200 மணி நேரமாவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: நீங்கள் ஒயிட்போர்டு முன்னால் நின்று தப்பும் தவறுமாகப் பாடம் எடுக்கும்போது அவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்பாரா, இல்லை பேனாவைப் பிடுங்கி அவரே எடுக்க ஆரம்பித்துவிடுவாரா? பிடுங்குகிறவரிடம் நல்ல பாடம் கேட்கலாம், ஆனால் பாடம் எடுக்கப் பழக முடியாது.

இரண்டு எழுத்துத் தேர்வுகள்

முதலாவது எஃப்ஓஐ, அதாவது கற்பித்தலின் அடிப்படைகள். 50 கேள்வி, ஒன்றரை மணி நேரம். இரண்டாவது எஃப்ஐஏ, விமான அறிவு சம்பந்தப்பட்டது. 100 கேள்வி, இரண்டரை மணி நேரம். இரண்டிலும் 70 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 175 டாலர், முடிவு 24 மாதம் செல்லும். ஏழாம் வகுப்புக்கோ அதற்கு மேலோ பாடம் எடுக்கும் ஆசிரியர் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் எஃப்ஓஐ எழுத்துத் தேர்விலிருந்து விலக்கு உண்டு.

எஃப்ஐஏ எழுதும் கையோடு ஏஜிஐ என்ற தரைப் பயிற்றுநர் தேர்வையும் எழுதிவிடுங்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே வகைதான். அதற்குத் தனியாகப் பறந்து காட்டும் தேர்வு கிடையாது, இன்னொரு சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

எஃப்ஓஐ-யை மனப்பாடம் பண்ணித் தள்ளிவிடும் பாடமாகத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கற்றல் விதிகள் என்று ஆறு வரும். அதில் ‘பிரைமசி’ என்ற விதி, முதலில் படிந்தது ஆழமாகப் படியும், அதை அழித்து எழுதுவது கஷ்டம் என்கிறது. கற்றலின் நான்கு நிலைகள் என்று வரும்: ஒப்பிப்பது, புரிவது, செய்து காட்டுவது, தெரிந்ததைப் புது இடத்தில் பொருத்துவது. ஒரு மாணவர் ‘மூக்கைத் தாழ்த்தணும்’ என்று சரியாக ஒப்பிப்பார், விமானத்தில் ஸ்டால் வந்ததும் இழுப்பார். அவர் முதல் நிலையில் நிற்கிறார், நீங்கள் மூன்றாவது நிலைக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை அந்த நொடியில் அடையாளம் காணத்தான் அந்தப் பாடம். எஃப்ஏஏ-வின் பயிற்றுநர் கையேடு, விமானம் ஓட்டும் கையேடு, விமானியின் அறிவுக் களஞ்சியம் மூன்றும் அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் சுருக்கக் குறிப்புகளுக்கு முன்னால் அவற்றைப் படியுங்கள்.

பாடம் எடுக்கப் பழகுவது

முழுப் பயிற்சியிலும் அதிக நேரம் பிடிப்பது இதுதான். பறக்க உங்களுக்கு ஏற்கனவே தெரியும். சொல்லத் தெரியாது.

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு லெசன் பிளான் வேண்டும். பாடத்தின் நோக்கம், உள்ளடக்கம், நேரம், வேண்டிய பொருட்கள், நீங்கள் செய்வது, மாணவர் செய்வது, எது வந்தால் பாடம் முடிந்தது என்று முடிவு செய்வது, மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள். கடையில் தயாராக விற்கும் கோப்புகளை வாங்கிப் பெரிய பைண்டரில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் தேர்வறையில் தடுமாறுவார்கள், ஏனென்றால் அதில் இருப்பது வேறொருவருடைய யோசனை. நீங்களே எழுதுங்கள். கையால் எழுதினால் இன்னும் நல்லது. ஒரு தலைப்புக்கு இரண்டு பக்கம் தாண்டினால் மாணவருக்குத் தேவையில்லாததைச் சேர்த்திருக்கிறீர்கள்.

அப்புறம், விமானமே தெரியாத ஒருவருக்கு எடுத்துப் பாருங்கள். நான் சாப்பாட்டு மேசையில் சின்ன ஒயிட்போர்டை வைத்து என் மனைவிக்கு ஸ்டால் பாடம் எடுத்தேன். வேகம் குறைகிறது, இறக்கைக்குத் தூக்கும் சக்தி போதவில்லை, விமானம் கீழே சாய்கிறது என்று அழகாகப் படம் போட்டுச் சொல்லி முடித்தேன். அவள் கேட்டாள்: “அப்போ வேகமா போனா ஸ்டால் ஆகவே ஆகாதா?”

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பதில் தெரியும். ஸ்டால் என்பது கோணத்தின் விஷயம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் எந்த வேகத்திலும் ஸ்டால் ஆகும். நேராகப் பறக்கும்போது 50 நாட் (மணிக்கு 50 நாட்டிகல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானத்தை 60 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால் இறக்கைமேல் பாரம் இரண்டு மடங்காகி, சுமார் 71 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். கமர்ஷியல் தேர்வில் இதைச் சொல்லித்தான் பாஸ் ஆனேன். ஆனால் பாடம் எடுக்கும்போது பழக்கத்தில் வேகத்திலிருந்து தொடங்கிவிட்டேன். அதையே ஒரு மாணவரிடம் சொல்லியிருந்தால், வேகமாக இருந்தால் பயமில்லை என்ற எண்ணம்தான் அவருக்குள் முதலில் விழுந்திருக்கும். அன்று ராத்திரியே அந்த லெசன் பிளானைக் கிழித்துவிட்டு, கோணத்திலிருந்து தொடங்கும்படி மறுபடி எழுதினேன். இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

எனவே கேள்வி கேட்கக் கூச்சப்படாத ஆளாகப் பார்த்து உட்கார வையுங்கள். தலையாட்டுகிறவர்களால் பயன் இல்லை.

வலது இருக்கை

முதல் நாள் எல்லாமே இடம் மாறி இருக்கும். இதுவரை வலது கையில் இருந்த, என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடது கைக்கு வரும், யோக் வலது கைக்குப் போகும். கருவிகள் எல்லாம் தூரத்தில், சரிந்த கோணத்தில் தெரியும். விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் கருவியின் பந்து நடுவில் இருப்பதுபோல் தெரிந்தாலும் நடுவில் இருக்காது.

லேண்டிங்கில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மூக்கின் நடுப்பகுதியை ரன்வேயின் மறுமுனைக்கு நேராக வைக்கப் பார்ப்பார்கள். கண் வலது பக்கம் இருப்பதால் அப்படி வைத்தால் விமானம் வலப்பக்கம் திரும்பிய நிலையில் தரையைத் தொடும், டயர் கிறீச்சிடும். வழி எளிது. தரையில் நிற்கும்போதே, டாக்சிவேயின் மஞ்சள் கோட்டில் விமானத்தை நேராக நிறுத்திவிட்டு, உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே கண்ணாடியில் அழிக்கக்கூடிய பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிதான் இனி உங்கள் மூக்கு. பத்து லேண்டிங்கிற்குள் புள்ளி தேவைப்படாது.

பறப்பது சீக்கிரம் வந்துவிடும். பேசிக்கொண்டே பறப்பதுதான் வராது. ‘எய்ட்ஸ் ஆன் பைலன்ஸ்’ பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் இரண்டு பொருட்களைக் குறிவைத்து எட்டு வடிவில் சுற்ற வேண்டும், இறக்கை நுனி அந்தப் பொருளிலேயே ஒட்டிக்கொண்டதுபோல் இருக்க வேண்டும். அதற்கான உயரம் தரைவேகத்தைப் பொறுத்தது. தரைவேகத்தை நாட் கணக்கில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 11.3-ஆல் வகுத்தால் தரையிலிருந்து எத்தனை அடி என்று வரும். 100 நாட் என்றால் சுமார் 885 அடி. எதிர்காற்றில் வேகம் குறையக் குறைய இறங்க வேண்டும், பின்காற்றில் ஏற வேண்டும். இதை நீங்கள் செய்துகொண்டே “பொருள் இறக்கைக்கு முன்னால் ஓடுகிறது, அதனால் முன்னால் தள்ளி இறங்குகிறேன்” என்று அது நடப்பதற்கு அரை நொடி முன்னால் சொல்ல வேண்டும். நடந்த பிறகு சொன்னால் வர்ணனை, முன்னால் சொன்னால்தான் பாடம். ஆரம்பத்தில் வாய் திறந்தால் உயரம் போகும், உயரத்தைப் பிடித்தால் வாய் மூடிக்கொள்ளும். காரில் தனியாகப் போகும்போது அடுத்து செய்யப்போவதை உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டிப் பாருங்கள், எனக்கு அது நன்றாக உதவியது.

இனி கை விஷயம். கண்ட்ரோலை மாற்றிக்கொள்ளும்போது மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘யூ ஹேவ் தி ஃப்ளைட் கண்ட்ரோல்ஸ்’ என்று கொடுப்பவர், ‘ஐ ஹேவ்’ என்று வாங்குபவர், மறுபடி உறுதி செய்து கொடுப்பவர். யார் ஓட்டுகிறார் என்ற சந்தேகம் ஒரு நொடிகூட இருக்கக் கூடாது.

சொல்லாமல் பிடிப்பது இன்னும் மோசம். நான் சான்றிதழ் வாங்கிய முதல் மாதங்களில் ஒரு மாணவர் அருமையாக லேண்டிங் செய்துகொண்டிருந்தார், அடுத்த வாரம் சோலோ என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் எனக்கு உடம்பு சரியில்லாமல் வேறொரு பயிற்றுநர் கூடப் போனார். எல்லா லேண்டிங்கும் தொம்மென்று விழுந்ததாம். மாணவர் என்னிடம் சொன்னார், “சார், உங்ககூட வரும்போது கடைசியில காத்து தாங்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அன்னைக்கு அது இல்ல.” காற்று இல்லை, என் இரண்டு விரல்கள். எனக்கே தெரியாமல் ஒவ்வொரு முறையும் அவரோடு சேர்ந்து இழுத்திருக்கிறேன். அவருக்கு நான்கு பாடங்களின் காசு வீண், தன்மேல் இருந்த நம்பிக்கையும் போயிற்று. அதிலிருந்துதான் கையைத் தொடைமேல் வைப்பதை வழக்கமாக்கினேன். உங்கள் பயிற்சியின்போதே பயிற்றுநரை மாணவர்போல் நடிக்கச் சொல்லுங்கள். தரை தொடும் முன் மூக்கைத் தூக்கும் ஃபிளேரை வேண்டுமென்றே உயரத்திலேயே செய்யட்டும், மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டரைத் தப்பாக மிதிக்கட்டும். எதுவரை விடலாம், எங்கே பிடித்தே ஆக வேண்டும் என்று உங்கள் எல்லையை அங்கே கண்டுபிடியுங்கள்.

ஸ்பின்

ஸ்டால் ஆன விமானம் சுழன்றுகொண்டே கீழே விழுவதுதான் ஸ்பின். மற்ற எந்த உரிமத்துக்கும் இல்லாத தேவை இது. சிஎஃப்ஐ ஆகப்போகிறவர் உண்மையிலேயே ஸ்பின்னுக்குள் போய் மீண்டு வந்து, அதைக் கற்பிக்கத் தெரியும் என்று லாக்புக்கில் எண்டோர்ஸ்மென்ட், அதாவது பயிற்றுநரின் எழுத்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

எல்லா விமானத்திலும் முடியாது. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் பைப்பர் ஆர்ச்சரில் வேண்டுமென்று ஸ்பின் செய்ய அனுமதி இல்லை. செஸ்னா 172-இல், பின்சீட்டில் யாரும் இல்லாமல், எடையும் சமநிலையும் யுட்டிலிட்டி வகை என்ற குறுகிய வரம்புக்குள் இருந்தால் முடியும். சிட்டாப்ரியா போன்ற விமானத்தில் செய்தால் இன்னும் தெளிவாக உணரலாம், ஏனென்றால் 172 ஸ்பின்னில் தங்க விரும்பாது, ஓரிரு சுற்றில் ஸ்பைரலாக மாறிவிடும். உயரம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், நான் தரையிலிருந்து 5,000 அடிக்குக் குறைந்து தொடங்குவதில்லை. எங்கள் பக்கம் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேசா ஊரின் ஃபால்கன் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து 1,394 அடி, ஆனால் 40 டிகிரி வெயிலில் விமானம் 4,700 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். மேலே ஏறவே நேரம் பிடிக்கும். விடிகாலையில் போங்கள்.

ஸ்டால் ஆன நொடியில் ஒரு பக்க ரட்டரை முழுதாக மிதித்ததும் அந்தப் பக்க இறக்கை விழும், கண்ணாடி முழுக்கத் தரை வந்துவிடும், வயலும் சாலையும் தட்டாமாலை சுற்றும். மீள்வதற்கு ‘பேர்’ (PARE) என்று நான்கு எழுத்து: பவரைக் குறை, விமானத்தைச் சாய்க்கும் அய்லரானை நடுவில் வை, சுற்றுக்கு எதிர் ரட்டரை முழுதாக மிதி, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரை முன்னால் தள்ளு. சுற்று நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து, பாய்ச்சலிலிருந்து மெதுவாக மூக்கைத் தூக்க வேண்டும். தரை முகத்துக்கு நேரே இருக்கும்போது முன்னால் தள்ளுவதை உடம்பு ஒப்புக்கொள்ளாது. அதற்காகத்தான் ஒன்றுக்கு இரண்டு முறை மேலே போவது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்று ஸ்பின்னும் மீட்பும் சேர்ந்து சுமார் 1,000 அடி போகும் என்கிறது செஸ்னா கையேடு. மாணவர்கள் தெரியாமல் ஸ்பின்னில் விழக்கூடிய இடம் எது? லேண்டிங்கிற்காக ரன்வேயை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பம். ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று பதறி, சாய்வைக் கூட்டப் பயந்து, உள்பக்க ரட்டரை மிதித்து யோக்கை இழுப்பார்கள். அங்கே உயரம் 500 அடி இருந்தால் அதிகம். மீட்புப் பாடம் அங்கே உதவாது. தாண்டிவிட்டால் பவரைக் கொடுத்து மேலே ஏறிச் சுற்றி வா என்பதைத்தான் அங்கே கற்பிக்க முடியும். ஸ்பின் பாடத்தில் நீங்கள் மாணவருக்குக் கொடுக்கப்போவதில் பெரும்பங்கு அந்தத் திருப்பத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

தேர்வு நாள்

முன்னேற்பாடு: எஃப்ஏஏ-வின் ஐயாக்ரா தளத்தில் விண்ணப்பம், இரண்டு எழுத்துத் தேர்வு முடிவுகள், எண்டோர்ஸ்மென்ட்கள், அடையாள அட்டை, மெடிக்கல், விமானத்தின் பராமரிப்புப் பதிவேடுகள். பதிவேட்டில் ஆண்டுச் சோதனை எந்தப் பக்கம், 100 மணிச் சோதனை எந்தப் பக்கம் என்று முதல் நாளே சீட்டு ஒட்டி வையுங்கள். காகிதம் சரியில்லாமல் தேர்வே தொடங்காமல் திரும்பியவர்கள் உண்டு. எஃப்ஏஏ அலுவலக ஆய்வாளர் தேர்வு நடத்தினால் கட்டணம் இல்லை. ஆனால் பெரும்பாலும் டிபிஇ எனப்படும் நியமிக்கப்பட்ட தேர்வாளரிடம்தான் இடம் கிடைக்கும், கட்டணத்தை அவரவர் நிர்ணயிப்பார்கள். தேர்வுக்கான தரம் 2024 மே 31 முதல் புதிய ஏசிஎஸ் ஆவணத்துக்கு மாறிவிட்டது. பழைய குறிப்புகளை யாராவது கொடுத்தால் தேதியைப் பாருங்கள்.

ஓரல் என்ற வாய்மொழித் தேர்வு நீளமானது. ஐந்தாறு மணி நேரம் ஆவது சகஜம், சாப்பாடு கொண்டு போங்கள். தேர்வாளர் கேள்வி கேட்பவர் மட்டுமல்ல, சில நேரம் மாணவராகவும் மாறுவார். என் தேர்வில் வந்த மாதிரி ஒன்று: “நான் சோலோ மாணவன். 20 நாட்டிகல் மைல் தள்ளி இருக்கும் பக்கத்து ஏர்போர்ட்டில் போய் லேண்டிங் பழக வேண்டும். நீங்கள் என்ன செய்ய வேண்டும்?” 25 நாட்டிகல் மைலுக்குள் என்பதால் கிராஸ் கன்ட்ரி என்ற தொலைதூரப் பயண எண்டோர்ஸ்மென்ட் தேவையில்லை. ஆனால் போகவும் வரவும் வழியையும், அங்கே லேண்டிங்கிற்கு முன் விமானங்கள் சுற்றி வரும் முறையையும் நான் கூடப் போய்க் கற்றுக்கொடுத்து, அதற்கென்று தனியாக எழுதித் தர வேண்டும். விதி 61.93-ஐத் திறந்து காட்டினேன். திறந்து காட்டுவது குறைவல்ல. எண் நினைவில்லை என்றால் “இங்கே இருக்கும், பார்க்கிறேன்” என்று புத்தகத்தை எடுங்கள். இல்லாததை நம்பிக்கையோடு சொல்வதுதான் அவர்களைப் பயமுறுத்தும், ஏனென்றால் நாளை மாணவர் அதை அப்படியே நம்புவார்.

பறக்கும்போது ஒரு லேண்டிங் சரியாக அமையவில்லை என்றால் அதைக் கற்பிக்கும் வாய்ப்பாக எடுங்கள்: எங்கே தவறினேன், எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று உடனே சொல்லுங்கள். பவர் இல்லாமல் 180 டிகிரி திரும்பிக் குறித்த புள்ளியில் இறங்கும் பயிற்சியில் புள்ளிக்கு முன்னால் தொடக் கூடாது, தாண்டினால் 200 அடிக்குள் தொட வேண்டும். அதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். நேரம் கிடைக்கும்போதெல்லாம் வெவ்வேறு காற்றில் செய்து பாருங்கள்.

தேறாமல் போனால் விடுபட்ட பகுதிக்குப் பயிற்சி எடுத்து மறுபடி போகலாம். ஸ்டால், ஸ்பின் கற்பிப்பதில் குறை என்று எழுதியிருந்தால் மட்டும் அடுத்த முறை ஸ்பின்னுக்குத் தகுதியான விமானத்தைக் கொண்டுபோய் நேரில் செய்து காட்ட வேண்டும்.

கையெழுத்துப் போடத் தொடங்கிய பிறகு

தேறியதும் 120 நாள் தற்காலிகச் சான்றிதழ் அன்றே கிடைக்கும். 2024 டிசம்பர் 1 முதல் சிஎஃப்ஐ சான்றிதழில் காலாவதி தேதி அச்சிடுவதில்லை. ஆனால் 24 மாதத்துக்கு ஒருமுறை சமீபத்திய அனுபவம் காட்டியாக வேண்டும். எஃப்ஐஆர்சி என்ற புத்தாக்கப் படிப்பு, அல்லது ஐந்து மாணவர்களையாவது தேர்வுக்கு அனுப்பி 80 சதவீதம் பேர் முதல் முயற்சியிலேயே தேறுவது போன்ற வழிகள் உண்டு. தவறவிட்டால் மூன்று மாத அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் சான்றிதழை மீட்டுக்கொள்ளலாமே தவிர, சொல்லிக்கொடுக்கக் கூடாது.

24 மணி நேரத்தில் 8 மணிக்கு மேல் பறந்து கற்பிக்கக் கூடாது. சோலோவுக்கும் தேர்வுக்கும் கொடுத்த எண்டோர்ஸ்மென்ட்களின் பதிவை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மாணவர் அமெரிக்கக் குடிமகனா என்று முதல் உரிமப் பயிற்சி, இன்ஸ்ட்ருமென்ட், மல்டி என்ஜின் தொடங்கும் முன் ஆவணம் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ-வின் பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகுதான் பாடம். கிரீன் கார்டு இருக்கிறதே என்று நம்மவர்கள் கேட்பார்கள். கிரீன் கார்டு இருந்தாலும் அந்தச் சோதனை உண்டு, தெரிந்தவர் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். இன்ஸ்ட்ருமென்ட் கற்பிக்க சிஎஃப்ஐஐ, இரட்டை என்ஜினுக்கு எம்இஐ என்று மேற்கொண்டு சேர்த்துக்கொள்ளலாம். முதல் தேர்வைக் கடந்தவர்களுக்கு அவை பெரிய சுமை இல்லை.

முதல் மாணவரை சோலோ அனுப்பும் நாள் வரும். அதற்கு முன் அவருக்கு எழுத்துத் தேர்வு வைத்துத் திருத்தித் தப்பானவற்றைப் பேசி முடித்திருக்க வேண்டும், லாக்புக்கில் கையெழுத்து இருக்க வேண்டும், அது 90 நாள் செல்லும். காற்று அமைதியான காலையாகப் பாருங்கள். முதலில் கூடவே இரண்டு மூன்று லேண்டிங் போங்கள். நன்றாக இருந்தால் விமானம் நிறுத்தும் இடமான ராம்ப்பில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, உங்கள் சீட் பெல்ட்டைக் கட்டிக் கதவைச் சாத்துங்கள். சாத்துவதற்கு முன் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: நீங்கள் இறங்கியதால் விமானம் லேசாகிவிட்டது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் மேலே எழும்பும், லேண்டிங்கில் கொஞ்சம் கூடுதலாக மிதக்கும், பதற வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் சுற்றி வா. பிறகு கையில் ரேடியோவோடு ஓரமாக நில்லுங்கள். டவர் அவரைப் பார்த்துக்கொள்ளும். அவசியம் வந்தாலொழிய அந்த மூன்று லேண்டிங் முடியும்வரை பட்டனை அழுத்தாதீர்கள்.